பரணில் கிடக்கும் சாட்சிகள்

(அம்பத்தூரில் நடைபெற்ற இளைஞர் - வணிகர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

இங்கு வருவதற்கு முன் ஓ.டி. பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு டீக்கடையில் நின்றேன். ரேடியோவில் ஒரு பழைய பாட்டு. 1957-ல் வந்த 'முதலாளி' படப் பாட்டு. ஏரிக்கரை மேல் நடந்து போகும் பெண்ணை அழைத்து ஒருவன் பாடுவான், டி.எம். சௌந்தரராஜன் குரல், கே.வி. மகாதேவன் இசை. டீ ஆற்றுகிறவரும் முணுமுணுக்கிறார், ஆட்டோக்காரரும் முணுமுணுக்கிறார். "இதை எழுதியது யார்?" என்று கேட்டேன். ஒருவர் கண்ணதாசன் என்றார். இன்னொருவர் பட்டுக்கோட்டையார் என்றார். நம் சமுதாயத்துப் பையன் ஒருவனும் அங்கே நின்றான். அவனுக்கும் தெரியவில்லை.

எழுதியவர் கவி கா.மு. ஷெரீப். 1914-ல் பிறந்து 1994-ல் மறைந்தவர். பாட்டு மட்டுமா எழுதினார்? ம.பொ.சி. தலைமையில் இயங்கிய தமிழரசுக் கழகத்தின் முன்னணியில் நின்றவர். தமிழகத்தின் வடக்கு எல்லைக்காக ஓயாமல் போராடிய கழகம் அது. இதோ நம் அம்பத்தூர் ஸ்டேஷனில் ஏறி உட்கார்ந்தால் போய் இறங்கும் திருத்தணி, 1960 ஏப்ரலில் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தினமும் அந்த ரயிலில் போய் வருகிறோம். அந்தப் பாட்டையும் கேட்கிறோம். ஆனால் இரண்டிலும் சம்பந்தப்பட்ட மனிதரின் பெயர் நமக்குத் தெரியாது.

"ஓர் ஆலிம் சினிமாப் பாட்டைப் பற்றிப் பேசலாமா?" என்று சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சகோதரர்களே, பாட்டைக் கேளுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு மனிதன் செய்த வேலையை அவன் பெயரில் எழுதுவது அவனுக்குரிய ஹக். அதை வேறொருவர் கணக்கில் எழுதிவிட்டு நாம் சும்மா இருந்தால், அது கணக்குப் பிழை. கடை வைத்திருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா?

போர்டு பாய்

ஷெரீப் அவர்களுக்காவது அச்சான புத்தகங்கள் இருக்கின்றன. படத்தின் எழுத்தில் பெயர் இருக்கிறது. தேடினால் கிடைப்பார். தேடினாலும் கிடைக்காத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

நம் பகுதியில் எல்லோரும் அவரை 'போர்டு பாய்' என்றுதான் கூப்பிடுவோம். சி.டி.எச். ரோட்டில் ஒரு காலத்தில் பாதிக் கடைகளின் போர்டு அவர் கையெழுத்து. தமிழ், உருது, அரபி மூன்றும் அவருடைய தூரிகையில் தேன் மாதிரி ஓடும். தொழிற்பேட்டையில் வேலை நிறுத்தம் என்றால் தொழிலாளர்களுக்குத் துணி பேனர் எழுதிக் கொடுப்பார். பாதிப் பேரிடம் காசு வாங்க மாட்டார். கபரஸ்தானுக்கு இடம் வேண்டும் என்று பதினோரு வருடம் மனு எழுதினார். ஒவ்வொரு மனுவுக்கும் நகல் வைத்திருந்தார். ஃப்ளெக்ஸ் போர்டு வந்தது. அவருடைய தொழில் போயிற்று. ஆளும் ஒடுங்கிப் போனார். பிறகு ஒருநாள் மவுத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஜனாஸாவுக்குப் பெரிய கூட்டம். நான்தான் அவரைப் பற்றிப் பேசினேன். கண்ணீர் வரப் பேசினேன் என்று சொன்னார்கள். நாற்பது நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போய், "அத்தாவுடைய காகிதங்களையெல்லாம் பார்க்கலாமா?" என்று கேட்டேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்த இரண்டு தகரப் பெட்டியையும் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டார்களாம். மூன்று வாரத்துக்கு முன்னால்! ஓடிப்போய்க் கடையில் கேட்டேன். லோடு போய்விட்டது என்றார் கடைக்காரர்.

பிள்ளைகள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்கு அது குப்பை. குற்றம் என்மேல். ஜனாஸாவில் கண்ணீர் வரப் பேசத் தெரிந்த எனக்கு, அவர் உயிரோடு இருந்தபோது ஒரு மாலைப் பொழுது அவர் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொள்ளத் தோன்றவில்லை. நம்மை யாரும் வரலாற்றில் எழுதவில்லை என்று மேடைக்கு மேடை முழங்குகிறோமே, எழுதுவதற்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்?

நமக்கு இது புதிதல்ல

மதரஸாவில் 'ரிஜால்' என்று ஒரு கலையைப் படிக்கிறோம். ஒரு ஹதீஸை அறிவித்தவர் யார், எங்கே பிறந்தார், யாரிடம் படித்தார், நினைவாற்றல் எப்படி, பொய் சொன்னதுண்டா என்று ஆயிரக்கணக்கான மனிதர்களின் வாழ்க்கையைத் துருவித் துருவி எழுதி வைத்த சமுதாயம் இது. இப்னு கல்லிகான் என்ற அறிஞர், 1282-ல் மறைந்தவர், எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்தார். அவர் வைத்துக்கொண்ட நிபந்தனையைக் கேளுங்கள்: இறந்த ஆண்டு உறுதியாகத் தெரிந்தால்தான் ஒருவரைச் சேர்ப்பேன்! கேள்விப்பட்டதையெல்லாம் எழுத மாட்டேன் என்பதுதான் இதன் பொருள்.

பெண்களை விட்டார்களா? இப்னு ஸஅத் தம் பெருந்தொகுப்பின் கடைசிப் பகுதியைப் பெண்களுக்கே ஒதுக்கினார். 1497-ல் மறைந்த ஸகாவி, தம் நூற்றாண்டு மனிதர்களைப் பற்றிப் பன்னிரண்டு பாகம் எழுதினார். பன்னிரண்டாம் பாகம் முழுக்கப் பெண்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். இன்று நம் ஜமாஅத்தின் ஆண்டு மலரைப் புரட்டிப் பாருங்கள். ஒரு பெண்ணின் பெயராவது இருக்கிறதா?

தமிழிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. ஆ. சிங்காரவேலு முதலியார் தனி ஆளாக உழைத்து 'அபிதான சிந்தாமணி'யைத் தொகுத்தார், 1910-ல் வெளிவந்தது. பெ. தூரன் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்த கலைக்களஞ்சியம் 1954-ல் தொடங்கி 1968-க்குள் பத்துத் தொகுதிகள் கண்டது. நம்மில் தொண்டியைச் சேர்ந்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம் 'இஸ்லாமியக் கலைக்களஞ்சியம்' தந்தார். 'முஸ்லிம் தமிழ்ப் புலவர்கள்' எழுதினார். இந்தப் பெரியவர்கள் எந்தப் பதவியும் கேட்காமல் மேசை முன் உட்கார்ந்து உழைத்தவர்கள்.

ஒரு கிராமத்திலிருந்து ஒரு மனிதர்

இளைஞர்களே, "நமக்கு வசதி இல்லை, படிப்பு இல்லை, நேரம் இல்லை" என்று சொல்வீர்கள். இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் உடத்தலவின்னை என்று ஓர் ஊர். அங்கே புன்னியாமீன் என்றொரு சகோதரர். 1960-ல் பிறந்தவர், 2016-ல் வஃபாத்தானார். தம் ஊரிலேயே 'சிந்தனை வட்டம்' என்ற பெயரில் புத்தகம் போட்டவர். இலங்கை எழுத்தாளர்கள், ஊடகவியலாளர்கள், கலைஞர்கள் விபரத்திரட்டு என்று தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்தார். அந்தத் தலைப்பிலேயே ஒரு நியாயம் இருக்கிறது. கவிதை எழுதியவரோடு செய்தி சேகரித்தவரையும், மேடையில் நடித்தவரையும் பாடியவரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தார்.

அதோடு நிற்கவில்லை. இணையத்தில் 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா தொடங்கியது. அதைத் தொடக்கத்தில் கட்டி எழுப்பியவரும் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த மயூரநாதன் என்ற தமிழர்தான். யார் வேண்டுமானாலும் எழுதலாம், சான்று காட்ட வேண்டும் என்பது அங்குள்ள முறை. புன்னியாமீன் தாம் திரட்டிய வாழ்க்கைக் குறிப்புகளை அங்கேயும் எழுதிச் சேர்த்தார். இன்று உலகின் எந்த மூலையில் இருப்பவனும் ஒரு சிற்றூர்க் கவிஞரின் பெயரைத் தட்டினால் அவர் கிடைக்கிறார் என்றால், அதில் அந்த ஒரு மனிதரின் உழைப்புக்குப் பங்கு உண்டு. நம் பூந்தமல்லியும் ஆவடியும் உடத்தலவின்னையைவிடச் சிறியவையா?

சான்று எப்படி ஒருவரைக் காப்பாற்றும்?

நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் என்று ஒரு பெண்மணி இருந்தார். 1917-ல் பிறந்து 1998-ல் மறைந்தவர். பள்ளிப் படிப்பு சொற்பம். அவர் எழுதிய 'காதலா? கடமையா?' என்ற நாவல் 1938-ல் வெளிவந்தது. அந்தக் காலத்தில் ஒரு முஸ்லிம் பெண் நாவல் எழுதி, தன் பெயரையே அட்டையில் போடுவது எவ்வளவு பெரிய துணிச்சல்! நீண்ட காலம் அவரைப் பற்றிப் பேச ஆள் இல்லை. பிறகு ஊர்க்காரர்களும் ஆய்வாளர்களும் அவரை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். எப்படி முடிந்தது? அச்சான புத்தகம் இருந்தது. அதில் ஒரு முன்னுரை இருந்தது. எழுதியவர் யார் தெரியுமா? தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர்! குடும்பத்தார் சொன்னால் "உங்கள் வீட்டுப் பெருமை" என்பார்கள். உறவில்லாத, ஊர் வேறான, மார்க்கம் வேறான ஒரு பேரறிஞர் எழுதியிருந்தால் யார் மறுப்பார்கள்?

கலைக்களஞ்சியம் கேட்பது இந்தச் சான்றைத்தான். இவர் முக்கியமானவர் என்று அவரோ அவர் பிள்ளையோ அவர் அமைப்போ சொன்னால் போதாது. சம்பந்தமில்லாத மூன்றாவது ஆள் எழுதியிருக்க வேண்டும்.

"இது நம்மை ஒதுக்கும் சூழ்ச்சி" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். கனடாவைச் சேர்ந்த டோனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற பெண் விஞ்ஞானி 2018 அக்டோபரில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அறிவிப்பு வந்த அன்று ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்கு ஒரு கட்டுரைகூட இல்லை. அதே ஆண்டு மே மாதம் ஒருவர் எழுதிக் கொடுத்ததை, வெளியார் எழுதிய சான்று போதாது என்று திருப்பிவிட்டிருந்தார்கள். நோபல் பரிசு வாங்கப்போகிற பெண்ணுக்கே அந்த நிலை! பத்திரிகைகள் யாரைப் பற்றி எழுதாமல் விட்டனவோ, அவர்களைக் கலைக்களஞ்சியமும் விட்டுவிடுகிறது. ஓர் இடத்தில் விட்ட ஓட்டை அடுத்த இடத்திலும் ஓட்டையாகவே தொடர்கிறது. பெண்களும், ஏழைகளும், சிறு ஊர்க்காரர்களும் அந்த ஓட்டையில்தான் விழுகிறார்கள். கத்தினால் அது அடைபடாது. சான்று திரட்டினால்தான் அடைபடும்.

நான்கு பக்கம், இருபத்திரண்டு வாக்கியம்

போர்டு பாயைப் பற்றி நம் பிள்ளைகள் சிலர் கட்டுரை எழுதி எடுத்து வந்தார்கள். நான்கு பக்கம். நல்ல எண்ணம், அழகான தமிழ். எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் "என்ன ஆதாரம்?" என்று கேட்டேன்.

"சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர்" என்று ஒரு வரி. ரேஷன் கார்டில் உள்ள வயதைக் கணக்குப் போட்டால் 1947-ல் அவருக்கு ஐந்து வயது! "சமுதாயப் பெருந்தலைவரின் நெருங்கிய நண்பர்" என்று ஒரு வரி. கையிலிருப்பது ஒரே ஒரு போட்டோ. அதில் பதினெட்டுப் பேர் நிற்கிறார்கள். ஒரே மேடையில் ஒருநாள் நின்றார்கள் என்பதற்குத்தான் அந்தப் போட்டோ சாட்சி. நட்புக்குச் சாட்சி அல்ல. "பல்லாயிரம் போர்டுகள் எழுதினார்" என்றொரு வரி. யார் எண்ணினார்கள்?

கடைசியில் ஆறு வாக்கியம் நின்றது. பையன்கள் முகம் வாடிப் போனது. ஒருவன் கேட்டான்: "அஜ்ரத், நல்லவரைப் பற்றிக் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன தப்பு?"

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று குர்ஆனின் 49-ஆம் அத்தியாயம் ஆறாம் வசனம் கட்டளையிடுகிறது. நமக்குப் பிடித்த செய்திக்கு மட்டும் அதில் விலக்கு இருக்கிறதா? நம்மைப் பற்றி ஒருவர் பொய் எழுதினால் கொதிக்கிறோம். நம்மவரைப் பற்றி நாமே பொய் எழுதினால் அது மட்டும் ஹலாலா? இன்னொன்றையும் யோசியுங்கள். சிறை சென்றார் என்ற பொய்யை ஒருவன் கண்டுபிடித்தால், பதினோரு வருடம் மனு எழுதினார் என்ற உண்மையையும் சேர்த்துத்தான் தள்ளிவிடுவான். புகழ்ச்சி என்று நினைத்துச் சேர்க்கும் ஒரு பொய், அந்த மனிதரின் உண்மையான உழைப்பைப் புதைத்துவிடும்.

அந்த ஆறு வாக்கியத்தை வைத்துக்கொண்டு பையன்கள் மறுபடி கிளம்பினார்கள். பூந்தமல்லி கடைத்தெருவில் ஒரு மளிகை வியாபாரி, பழைய தகர போர்டைத் தூக்கி எறியாமல் குடோனில் மூட்டைகளுக்கு மறைப்பாக வைத்திருந்தார். துடைத்துப் பார்த்தால் மூலையில் போர்டு பாயின் கையெழுத்து, கீழே 79 என்று வருடம். ஆவடியில் ஓய்வு பெற்ற ஒரு தொழிலாளி, தொழிற்சங்க மலர் ஒன்றை வைத்திருந்தார். அதில் அட்டைப்படம் வரைந்தவர் என்று பெயர் அச்சாகியிருந்தது. மனுக்களில் ஒன்றின் நகல் வேறொருவர் வீட்டில் கிடைத்தது. ஆறு வாக்கியம் ஒன்பதாயிற்று. ஒன்பதும் இரும்பு மாதிரி.

இது கலைக்களஞ்சியத்தில் ஏறுமா? இப்போது ஏறாது. அதை மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு கோப்பு தயார். நாளை நம் பகுதியின் வரலாற்றை எழுத வரும் ஆய்வாளர் கையில் அதைக் கொடுக்கலாம். அவர் எழுதினால் அது சான்றாகும். படிக்கட்டு ஏறித்தான் மாடிக்குப் போக வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலில், உயிரோடு இருப்பவர்களிடம் போங்கள். எண்பதைத் தாண்டியவர் யார், தெருவில் பாடியவர் யார், தப்ஸ் அடித்தவர் யார், பெண்களுக்குக் குர்ஆனும் எழுத்தும் சொல்லிக் கொடுத்த ஆபா யார் என்று பட்டியல் எடுங்கள். செல்போனில் பேச்சைப் பதியுங்கள். அவர் அனுமதி கேட்டே பதியுங்கள். வெளியே சொல்ல வேண்டாம் என்று அவர் சொன்னதை எழுதாதீர்கள், அது அமானிதம்.

அடுத்து, அவர் சொன்னதைக் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். வயதானவருக்கு வருடம் தவறும்; பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. பேச்சு ஒரு பக்கம், பத்திரிகைச் செய்தி ஒரு பக்கம், அரசு ஆவணம் ஒரு பக்கம். எது யார் சொன்னது என்று தனித்தனியாகக் குறித்து வையுங்கள். இஸ்னாத் என்று நாம் படித்தது இதுதானே!

பிறகு நூலகத்துக்குப் போங்கள். எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் அரசு ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பா. தாவூத் ஷா 1923-ல் தொடங்கிய 'தாருல் இஸ்லாம்' போன்ற பழைய இதழ்களைத் தேடுங்கள். ஒரு பெயர் கிடைத்தால் தேதியோடு, பக்க எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த ரோஜா முத்தையா யார் தெரியுமா? கோட்டையூர்க்காரர். போர்டு எழுதும் தொழிலில் இருந்தவர்! பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று பிறர் குப்பையாகத் தள்ளியதையெல்லாம் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் மறைந்தபின் அந்தச் சேகரிப்பை அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அது தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று சென்னையில் நூலகமாயிற்று. உலக ஆய்வாளர்கள் அங்கே வருகிறார்கள். ஒரு போர்டு ஓவியரின் பெட்டி நூலகமானது. நம் போர்டு ஓவியரின் பெட்டி கிலோ கணக்கில் எடைக்குப் போனது. இந்த வித்தியாசம் என்னைத் தூங்கவிடவில்லை சகோதரர்களே!

வணிகப் பெருமக்களுக்கு

குர்ஆனிலேயே நீளமான வசனம் எது? கடனை எழுதி வைக்கச் சொல்லும் வசனம். இரண்டாம் அத்தியாயம் 282. சிறிதோ பெரிதோ, எழுதச் சலிப்படையாதீர்கள் என்று அல்லாஹ் அங்கே கற்றுத் தருகிறான். பத்து ரூபாய் கடனை எழுதி வைக்கிற நாம், நமக்காக உழைத்தவருக்குப் பட்ட கடனை எங்கே எழுதினோம்?

உங்கள் கடைப் பரணில், குடோனில், வாப்பாவின் அலமாரியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். பழைய கணக்குப் புத்தகம், கூட்ட நோட்டீஸ், சங்க ரசீது, விழா மலர், கல்யாணப் பத்திரிகை, குழுப் போட்டோ. போட்டோவின் பின்னால் பென்சிலால் பெயர்களையும் வருடத்தையும் எழுதுங்கள். அதில் இருப்பவர்களை அடையாளம் காட்ட இன்னும் ஓரிருவர்தான் உயிரோடு இருப்பார்கள். கல்யாண மண்டபத்துக்கு லட்சம் கொடுக்கிற நீங்கள், இரண்டு பையன்களுக்கு ஒரு ஸ்கேனர் வாங்கிக் கொடுத்தால் போதும். மூலக் காகிதம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். நகல் மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

வாசகரே, இதைப் படித்து முடித்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில் யாரை மறந்துவிட்டோம் என்று யோசித்து, ஒரு பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே, அவரைப் பற்றி உங்களுக்கு உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். மூன்று வரி வந்தால் மூன்று வரி. அடுத்த ஜும்ஆவுக்குள் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வெள்ளையடிக்கிறவர் வருவதற்கு முன்னால் போய்விடுங்கள்.

உண்மையைத் தேடவும், தேடியதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. வஸ்ஸலாம்.